லூகோவ்ஸ்குக்குப் போன முடிவு

உஸ்தீன்யா சாவிஷ்னாவின் விரல்களில் எப்போதும் பேரிக்காய் வாசம் அடிக்கும். டிராமில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அவள் பையில் பழம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அது படச்சுருளை ஒட்டுகிற பசையின் வாசம். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றும்போதுகூட அந்த வாசம் தன் கையிலிருந்து எழுவதை அவள் உணர்வாள். முதல் வருஷம் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

மாஸ்கோவில், பிரெஸ்னியா பக்கம் இருந்த ஒரு படக் கம்பெனியின் பின்கட்டில், மாடியில் ஒட்டும் அறை. நீள மேஜையில் ஏழு பெண்கள் வெள்ளைக் கையுறையோடு உட்கார்ந்திருப்பார்கள். படச்சுருள் தீப்பொறி பட்டால் வெடிமருந்து மாதிரிப் பற்றிக்கொள்ளும் என்பதால் அந்த அறையில் கணப்பு கிடையாது. பனிக்காலத்தில் எல்லோரும் கம்பளிக் காலணியைக் கழற்றாமல், தலைக்குக் கெட்டித் துணி சுற்றிக்கொண்டுதான் வேலை செய்தார்கள். சுருளின் ஓரத்தைக் கத்தியால் சுரண்ட வேண்டும். தூரிகையால் ஒரு சொட்டுப் பசை. மேலே அடுத்த துண்டை வைத்து, இருபது எண்ணும்வரை விரலால் அழுத்த வேண்டும். உஸ்தீன்யா பதினான்கு வயதில் லூகோவ்ஸ்க் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாஸ்கோவுக்கு வந்து பதினைந்து வருஷம் கையுறை தைத்தவள். அந்த விரல்கள் இந்த வேலைக்கு வந்து ஐந்து வருஷமாகிறது. அவள் ஒட்டிய இடத்தில் படம் அறுந்ததாக ஒரு புகார் வந்ததில்லை.

அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு சோகப் படத்துக்கும் இரண்டு முடிவுகள் எடுத்தார்கள். வெளிநாட்டுக்குப் போகிற பிரதியில் கதாநாயகி பிழைத்துக்கொள்வாள்; யாராவது வந்து காப்பாற்றுவார்கள்; கடைசியில் வெயிலில் நின்று சிரிப்பாள். உள்ளூருக்குப் போகிற பிரதியில் அவள் ஆற்றில் விழுவாள், அல்லது தூக்கில் தொங்குவாள், அல்லது பனியில் விறைத்துப்போவாள். பேசாப் படங்கள் என்பதால் நடுநடுவே கதை சொல்லுகிற எழுத்து அட்டைகள் இரண்டிலும் ருஷ்ய மொழியில்தான் இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் ஊரில் மாற்றிக்கொள்வார்கள். உள்ளூர் முடிவு இருக்கிற தகரப் பெட்டியில் கறுப்புக் காகிதம், வெளிநாட்டு முடிவில் நீலக் காகிதம். ஒட்டும் அறையில் அவற்றை 'நம்ம முடிவு', 'அவங்க முடிவு' என்று சொன்னார்கள்.

"நம்ம ஆளுங்களுக்கு ஏன் ஒருத்தி கூடப் பொழைக்கக் கூடாது?" என்று ஸீனா கேட்டாள். அறையில் எல்லோருக்கும் இளையவள், வாயாடி.

"பொழைச்சா நம்ப மாட்டாங்கடி," என்றாள் அறையின் தலைவி ஸெராஃபிமா கிரீலவ்னா, தலை நிமிராமல். "அழறதுக்குத்தான டிக்கெட் வாங்கறாங்க. அழாம வெளிய வந்தா, ஏமாத்திட்டான்னு சண்டைக்கு வருவாங்க."

"என் மாமியாரும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தா, 'பொண்ணு சிரிச்சுக்கிட்டே இருந்தா, ஏதோ தப்பு நடந்திருக்கு'ன்னு சொல்லுவா."

"உன் கல்யாணத்துல நீ சிரிச்சியா?"

"சிரிச்சேன். மாமியாரு சொன்னது சரியாப் போச்சு."

மேஜை முழுக்கச் சிரித்தது. உஸ்தீன்யாவும் சிரித்தாள். அது இலையுதிர் காலத்தின் தொடக்கம். அப்போது அவளால் சிரிக்க முடிந்தது.

அக்டோபரில் அவள் தங்கை தாஸ்யாவைக் கைது செய்தார்கள்.

தாஸ்யா அவளைவிட ஒன்பது வயது இளையவள். தாய் தகப்பன் போனபின் சித்தி வீட்டில் வளர்ந்து, பத்தொன்பதாம் வயதில் லூகோவ்ஸ்கில் சோப்புக்கடை வைத்திருந்த புரோகருக்கு மனைவியாகப் போனாள். ஆறு வருஷம். பிள்ளை இல்லை. அந்த அக்டோபர் காலையில் புரோகர், முந்தின நாள் குடித்த குடியின் தலைவலியோடு எழுந்து, அலமாரியில் இருந்த ஓட்கா சீசாவை எடுத்து மூன்று மடக்கு குடித்தான். அதில் இருந்தது ஓட்கா இல்லை. சமையலுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் கலக்கிற வினிகர்ச் சத்து; கலக்காமல் குடித்தால் குடல் வெந்துபோகும். இரண்டு நாள் துடித்துச் செத்தான்.

வினிகர்ச் சத்து கடையில் முப்பட்டைச் சீசாவில்தான் வரும்; இருட்டில் தொட்டாலும் தெரியட்டும் என்று அப்படி. அந்தச் சீசா விரிசல் விட்டதால் காலி ஓட்கா சீசாவில் ஊற்றி வைத்ததாகவும், அடையாளத்துக்குக் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியதாகவும் தாஸ்யா சொன்னாள். போலீசார் வந்து பார்த்தபோது சீசாவில் நூல் இல்லை. விரிசல் விட்ட சீசாவும் குப்பையோடு போய்விட்டிருந்தது. புரோகர் அவளை அடிப்பான் என்பது தெருவுக்கே தெரியும். அவள் இடக்கைச் சுண்டுவிரல் நேராக நிற்காது. அதுவே அவளுக்கு எதிராகப் பேசியது. காரணம் இருக்கிறவள்தானே செய்வாள்.

நவம்பரில் உஸ்தீன்யா சிறைக்குப் போய்ப் பார்த்தாள். இரண்டு கம்பி வலைகளுக்கு நடுவில் காவலர் நடந்துகொண்டிருந்தார்.

"நூல் கட்டினேன் உஸ்த்யா," என்றாள் தாஸ்யா. "பாவாடை தெச்ச நூல் மிச்சம் இருந்துச்சு. ரெண்டு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டேன்."

"சாப்பிடறியா?"

"கஞ்சி குடுக்கறாங்க. நூல் கட்டினேன்னு நீயாவது நம்பறியா?"

"நம்பறேன்."

நம்பினாள். ஆனால் அவள் கேட்க நினைத்தது வேறு கேள்வி. அது நாக்கு நுனிவரை வந்து நின்றது. கேட்டுவிட்டால் ஒரு பதில் வரும். அந்தப் பதிலோடுதான் அப்புறம் வாழ வேண்டும். கேட்காமல் திரும்பினாள். குற்றம் உறுதியானால் சைபீரியாவில் கடுங்காவல் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஜனவரி கடைசி வியாழக்கிழமை விசாரணை. பன்னிரண்டு ஜூரிகள்.

கம்பெனியில் யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. தாஸ்யா புருஷன் பேரில் அழைக்கப்பட்டவள். இருவருக்கும் உறவு உண்டு என்று யாருக்கும் தோன்ற வழியில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் அவள் முன்னால் வந்த சுருளில், பின்னாலிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது, கட்டை விரல் அகலச் சட்டத்துக்குள் ஒரு பெண் சீசாவின் கழுத்தில் நூல் கட்டிக்கொண்டிருந்தாள்.

படத்தின் பெயர் 'மூன்று மடக்கு'. செய்தித்தாளைப் படித்துவிட்டு, விசாரணைக்கு முன்பே திரைக்கு வந்துவிட வேண்டும் என்று பதினெட்டு நாளில் எடுத்து முடித்திருந்தார்கள். பெயர்களை மாற்றியிருந்தார்கள். சோப்புக்கடை மெழுகுவத்திக் கடையாகியிருந்தது. புருஷன் நல்லவனாகியிருந்தான், பறவைக்கூண்டுக்கு முன்னால் நின்று கிளிக்குத் தானியம் போட்டான். நம்ம முடிவில் மனைவி நூலை அவிழ்த்து அடுப்பில் போடுகிறாள். சிரிக்கிறாள். பிறகு சிறை அறையில் தன் தலைத்துணியால் தூக்குப் போட்டுக்கொள்கிறாள். அவங்க முடிவில் நூல் மேஜைக்கு அடியில் கிடைக்கிறது. நீதிபதி அதைத் தூக்கிக் காட்டுகிறார். அவள் வாசலில் வெயிலில் வந்து நிற்கிறாள். சிவப்பு நூல் படத்தில் கறுப்பாகத்தான் விழுந்திருந்தது. அது சிவப்பு என்று எழுத்து அட்டை சொன்னால்தான் தெரியும்.

உஸ்தீன்யா இருபது எண்ணும்வரை விரலை அழுத்தினாள். பிறகு இன்னொரு இருபது எண்ணினாள்.

உள்நாட்டுக்குப் பதினான்கு பிரதிகள். அனுப்ப வேண்டிய ஊர்களின் பட்டியலை மானேஜர் விகேந்தி லிவோவிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். ஒன்பதாவது பெயர் லூகோவ்ஸ்க். குர்யானவ் என்பவரின் மின்சாரத் திரையரங்கம். ஞாயிற்றுக்கிழமை முதல் காட்சி. அந்த வியாழக்கிழமை விசாரணை. லூகோவ்ஸ்கில் திரையரங்கம் அது ஒன்றுதான். ஜூரியாக உட்காரப் போகிற கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் ஞாயிற்றுக்கிழமை வேறு எங்கே போவார்கள்? தாஸ்யா நூலை அடுப்பில் போட்டுவிட்டுச் சிரிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, வியாழக்கிழமை அவள் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஒன்பதாவது பிரதி அவள் பங்கில் வந்தது. அவள் நீலக் காகிதப் பெட்டியைத் திறந்து, அவங்க முடிவை எடுத்து ஒட்டினாள். வெளிப் பெட்டியில் கறுப்புக் காகிதத்தை ஒட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கையால் செய்த ஒரு காரியம் உலகத்தில் ஏதோ ஒன்றைத் திருப்பப்போகிறது என்ற நினைப்பு அவளுக்கு வந்தது. அந்த நினைப்பு இனித்தது. இனித்ததைப் பின்னால் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் தந்தி வந்தது. ஸெராஃபிமா கிரீலவ்னா அதைக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அறைக்கே வாசித்துக் காட்டினாள். "கூட்டம் இரண்டு நாற்காலியை உடைத்துவிட்டது. உண்மையான முடிவை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். குர்யானவ்."

"ஐயோ, அவங்க முடிவு அங்க போயிடுச்சா!" என்று ஸீனா வாயைப் பொத்திக்கொண்டாள். "நாற்காலியை உடைச்சாங்களா? நல்லா இருக்கறவளப் பாத்தா நம்ம ஊர்ல எவ்வளவு கோவம் வருது பாரேன்."

"யாரு ஒட்டினது?"

"நான்தான்," என்றாள் உஸ்தீன்யா. "கை தவறிடுச்சு, ஸெராஃபிமா கிரீலவ்னா."

ஸெராஃபிமா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மற்றவர்களிடம், "தேநீர் குடிச்சிட்டு வாங்க எல்லாரும், போங்க," என்றாள். அறை காலியானதும் கதவைச் சாத்தினாள்.

"உன் கை தவறாது. நாளன்னிக்கு லீவு கேட்டிருக்கியே, எந்த ஊருக்கு?"

"லூகோவ்ஸ்குக்கு."

"அங்க யாரு உனக்கு?"

"தங்கச்சி."

ஸெராஃபிமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண்மணி யாரையும் அணைத்துக்கொள்கிறவளோ ஆறுதல் சொல்கிறவளோ இல்லை. கறுப்புக் காகிதப் பெட்டி ஒன்றை எடுத்து உஸ்தீன்யாவின் முன்னால் வைத்தாள்.

"மானேஜர்கிட்ட பெட்டி மாறிப்போச்சுன்னு நான் சொல்லிக்கறேன். நம்ம முடிவ நீயே கொண்டு போய்க் குடு. தந்தில வெள்ளிக்கிழமைக்குள்ளன்னு இருக்கு. பனியில ரயில் நின்னு போனா அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்."

லூகோவ்ஸ்க் ரயில் பனியில் நிற்கவில்லை. வியாழன் காலை சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நிலையத்திலிருந்து நீதிமன்றத்துக்குப் பனிச்சறுக்கு வண்டி பிடித்தாள். தகரப் பெட்டி மடியில் இருந்தது. வண்டிக்காரன் பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷத்தில் குதிரையைவிட்டுப் பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

"கோர்ட்டுக்கா? சோப்புக்காரன் பொண்டாட்டி வழக்குக்கா? ஊரே அங்கதான் தாயீ. எடமே கெடைக்காது."

"அவ செஞ்சிருப்பாளா?"

"மொதல்ல எனக்குத் தெரியல. அந்தப் புரோகர் ஒரு மிருகம். குடிச்சுட்டு எதையாவது எடுத்துக் குடிச்சிருப்பான்னுதான் நெனச்சேன். ஆனா ஞாயித்துக்கெழமை படம் பாத்தேன் பாருங்க, அப்ப தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுச்சு?"

"படத்துல அவள விட்டுட்டாங்க! நீதிபதி நூலத் தூக்கிக் காட்டறாரு, இவ வெளிய வந்து வெயில்ல நின்னு பல்லக் காட்டறா. யாருகிட்ட கதை விடறாங்க? என் ஆயுசுல அப்படி ஒரு முடிவ நான் பாத்ததில்ல. அவளுக்கு மாஸ்கோவுல பெரிய எடத்துச் சொந்தம் இருக்காம். படக்காரனுக்குக் காசக் குடுத்து மாத்திட்டாங்களாம். ஒண்ணும் செய்யாதவளுக்கு எதுக்கு மாத்தணும்? நீங்களே சொல்லுங்க."

உஸ்தீன்யா ஒட்டுப்போட்ட கையுறைகளுக்குள் விரல்களை மடக்கிக்கொண்டாள். பெரிய இடத்துச் சொந்தம் என்பது தான்தான் என்று புரிய அவளுக்கு ஒரு தெரு தாண்ட வேண்டியிருந்தது. ஐந்து வருஷமாக அந்த அறையில் உட்கார்ந்து கேட்ட சங்கதிதான். நல்லது நடந்தால் இந்த ஜனங்கள் நம்ப மாட்டார்கள். அதை நினைத்துச் சிரித்திருக்கிறாள். தன் தங்கைக்கும் அது பொருந்தும் என்று மட்டும் தோன்றாமல் போயிற்று.

நீதிமன்றத்தில் பின் பெஞ்சில் இடம் கிடைத்தது. தாஸ்யா இரண்டு காவலர்களுக்கு நடுவில் சாம்பல் அங்கியில் இருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஜூரிகளில் ஐந்து பேர் ஊர்க்காரர்கள். அவர்களில் ஒருவர் தாஸ்யாவைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். மீதி ஏழு பேர் கிராமத்து ஆட்கள், ஆட்டுத்தோல் கோட்டும் எண்ணெய் தடவிய தலையுமாக. இரண்டு நாள் சாட்சிகள் வந்தார்கள். அண்டை வீட்டுக்காரி, டாக்டர், சோப்புக்கடைக் கணக்கன். புரோகர் அவளை அடித்ததை எல்லோரும் சொன்னார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவள் இன்னும் கொஞ்சம் குற்றவாளியானாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜூரிகள் உள்ளே போனார்கள். தாழ்வாரத்தில் பெரிய கணப்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. உஸ்தீன்யா குளிருக்கு அதன் பக்கத்தில் பெட்டியோடு உட்கார்ந்தாள்.

"அதுல என்ன தாயீ?" என்று கிழட்டுச் சேவகர் ஒருவர் கேட்டார்.

"படம்."

"சோப்புக்காரி படமா? நெஜ முடிவா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "அதுல அவ என்ன ஆவறா?"

"தூக்குப் போட்டுக்கறா."

"ஆங். அப்ப அதுதான் நெஜம்." பிறகு எதையோ நினைத்துக்கொண்டு, "அது பத்திக்குமாமே. கணப்புப் பக்கத்துல வெக்காதீங்க. கோர்ட்டு எரிஞ்சா என்னத்தான் கேப்பாங்க," என்றார்.

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். குளிர்ந்த கல்லில் பெட்டியை வைத்தாள். குர்யானவின் திரையரங்கம் சதுக்கத்துக்கு அந்தப் பக்கம், ஐந்து நிமிஷ நடை. கறுப்புக் காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள். இதைக் கொடுத்தால் ஊர் தாஸ்யாவைக் கொலைகாரி என்னும். கொடுக்காவிட்டாலும் கொலைகாரி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவள் கையில் இருந்த இரண்டு முடிவுகளும் ஒரே இடத்துக்குத்தான் போயின.

மணி அடித்தது. ஜூரித் தலைவர் கிராமத்து ஆள். காகிதத்தைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். கொலை செய்த குற்றவாளியா? "இல்லை. குற்றவாளி அல்ல."

கூட்டத்தில் யாரோ சீட்டி அடித்தார்கள். தாஸ்யா பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவளை விடுவிக்கிற காகிதங்களுக்கு நேரமாயிற்று. வெளியே ரொட்டிக்காரியின் வண்டிப் பக்கம் ஜூரிகளில் ஒருவர் நின்று சூடான ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். எர்மலாய் என்று ரொட்டிக்காரி கூப்பிட்டாள். உஸ்தீன்யா கிட்டப் போய்க் குனிந்து வணங்கினாள்.

"நான் அவ அக்கா."

"அப்படியா. கூட்டிட்டுப் போ. இந்த ஊருல விட்டு வெக்காத." அவர் தாடியில் ஒட்டிய துணுக்கைத் தட்டினார். "ஊர்க்காரங்க அஞ்சு பேரு, அவதான்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. என்னய்யா ஆதாரம்னா, படத்துல முடிவ மாத்திட்டாங்க, அதுதான் ஆதாரங்கறாங்க. என்ன படம்னு நாங்க கேட்டோம். எங்க ஏழு பேருல ஒருத்தரும் அந்தக் கொட்டாய்க்குள்ள போனதில்ல. ஏழு பேரு சொன்னா அதுதான் தீர்ப்பு. எங்களுக்கு ஒரே கேள்வி. சீசாவ அவன் கையில குடுத்தது யாரு? அவனே எடுத்தான்னு வக்கீல் ரெண்டு பேருமே ஒத்துக்கிட்டாங்க. அவனே எடுத்து அவனே குடிச்சா, அப்புறம் எங்களக் கூப்பிட்டு என்ன கேக்கறாங்க?"

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். உஸ்தீன்யா பெட்டியைத் தூக்கிக்கொண்டு சதுக்கத்தைக் கடந்தாள். குர்யானவ் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். "கடைசியா வந்துச்சு," என்றார்.

ஒரு மனுஷி தன் வாழ்க்கையில் துணிந்து செய்த ஒரே காரியம் ஒன்றுக்கும் உதவவில்லை என்று தெரிவது எப்படி இருக்கும்? உஸ்தீன்யாவுக்கு முதலில் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. பிறகு, ரயிலில் தாஸ்யா அவள் தோளில் சாய்ந்து தூங்கும்போது, இன்னொன்று உறைத்தது. தன்னால் கெட்டிருக்கக்கூடியதைப் படம் பார்க்காத ஏழு பேர் நிறுத்தியிருந்தார்கள்.

மாஸ்கோவில் உஸ்தீன்யாவின் அறை ஒரு கட்டில், ஒரு பெட்டி, ஜன்னலோரம் ஒரு மேஜை என்ற அளவில் இருந்தது. தாஸ்யா தரையில் மெத்தை போட்டுப் படுத்தாள். துணி துவைத்தாள், தரை துடைத்தாள். தங்கை வந்த நாளிலேயே உஸ்தீன்யா செய்த ஒரு காரியம் உண்டு. மேஜையில் இருந்த வினிகர்ச் சத்து சீசாவை எடுத்து, பெட்டிக்குள் குளிர்காலத் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். தாஸ்யா தன்னையே ஏதாவது செய்துகொள்வாள் என்ற பயம் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் சொல்லிக்கொள்ளவில்லை.

"வினிகர் எங்க?" என்று தாஸ்யா ஒரு நாள் கேட்டாள், வெங்காயம் அரிந்துகொண்டே.

"தீர்ந்து போச்சு."

தாஸ்யா மறுபடி கேட்கவில்லை.

தவக்காலத்துக்கு முந்தின கடைசி ஞாயிறு வந்தது. அன்று ஒருவரையொருவர் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். காலையிலிருந்தே மாடிப்படியில் அந்தச் சத்தம். மூன்றாம் மாடிச் சலவைக்காரி கீழே இறங்கும்போதே, "எல்லாரும் மன்னிச்சிருங்க," என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே இறங்கினாள். "கடவுள் மன்னிப்பார், நாங்களும் மன்னிக்கிறோம்," என்று கதவுகளுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. வீடெங்கும் வெண்ணெயில் தோசை சுடும் புகை.

"உஸ்த்யா," என்றாள் தாஸ்யா. "அந்தப் படம் இங்க ஓடுதாமே. நாளைக்குத் தவக்காலம், நிறுத்திடுவாங்க."

"அது எதுக்கு உனக்கு?"

"எல்லாரும் பாத்துட்டாங்க. நான் மட்டும்தான் பாக்கல."

மத்தியானக் காட்சிக்குப் போனார்கள். அரங்கம் நிறைந்திருந்தது, ஈரக் கம்பளியும் சூரியகாந்தி விதையும் நாறின. முன்னால் பியானோக்காரர் தொப்பியைக் கழற்றாமல் வாசித்தார். திரையில் மெழுகுவத்திக் கடை வந்தது. கிளிக்குத் தானியம் போட்ட புருஷன் வந்தான். "எவ்வளவு நல்ல மனுஷன்," என்று பின்னால் ஒருத்தி பெருமூச்சு விட்டாள். தாஸ்யா அசையாமல் பார்த்தாள். மனைவி நூலை அவிழ்த்து அடுப்பில் போட்டுவிட்டுச் சிரித்தபோது, உஸ்தீன்யா தங்கையின் பக்கம் திரும்பவில்லை. தான் இருபது இருபதாக எண்ணி ஒட்டிய சட்டங்கள் அவள் கண் முன்னால் ஓடின.

சிறை அறையில் அந்தப் பெண் தலைத்துணியை அவிழ்க்கத் தொடங்கினாள். அரங்கம் முழுக்க அழுதது. தாஸ்யாவும் அழுதாள்.

"பாவம்," என்றாள். "பாவம் அவ." பிறகு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னாள். "நூல் நான் கட்டினேன். அது எப்பவோ அவுந்து விழுந்துடுச்சு. அன்னிக்குக் காலையில அவன் அலமாரியத் தொறந்து அந்த சீசாவ எடுத்தான். நான் ஜன்னல் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தேன். கழுத்துல நூல் இல்லன்னு பாத்தேன். ஆனா எது எந்த சீசான்னு எனக்குத் தெரியும். 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயத் தொறந்தேன் உஸ்த்யா. சத்தியமா தொறந்தேன். அவன் என்னப் பாத்து, 'என்னடி பாக்கற, மூதேவி'ன்னான். நான் வாய மூடிக்கிட்டேன்."

பியானோ நின்றது. விளக்கு எரிந்தது. ஜனங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார்கள், திருப்தியாக இருந்தார்கள்.

வீட்டுக்கு நடந்தார்கள். பனி உருகத் தொடங்கி, கூரைகளிலிருந்து சொட்டியது. நடந்துகொண்டே உஸ்தீன்யா தன் கையில் இருந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றில் அவள் கொன்றாள், ஒன்றில் கொல்லவில்லை. ஜன்னல் பக்கம் நின்று வாயைத் திறந்து மூடிய ஒருத்தி இரண்டிலும் இல்லை. அவளை எந்தப் பெட்டியில் வைத்து என்ன நிறக் காகிதம் ஒட்டுவது? எர்மலாய் தான் கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொல்லியிருந்தார். அதற்கு அடுத்த கேள்வியை, அவன் எடுத்ததை அவள் பார்த்தாளா என்பதை, கேட்க வேண்டியவள் உஸ்தீன்யாதான். கம்பி வலைக்குப் பின்னால் நின்று கேட்காமல் வந்தவள்.

அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் தாஸ்யா மேல்துணியைக் கழற்றவில்லை. கைகளைத் தொங்கவிட்டு அக்காவின் முன்னால் நின்று, இடுப்புவரை குனிந்தாள்.

"என்னை மன்னிச்சிரு உஸ்த்யா."

வருஷா வருஷம் நூறு பேர் நூறு பேரிடம் சொல்கிற வார்த்தை. பதில் எல்லோருக்கும் மனப்பாடம். காலையில் சலவைக்காரிக்கு உஸ்தீன்யாவே கதவுக்குப் பின்னாலிருந்து சொல்லியிருந்தாள். இப்போது அதன் முதல் பாதி மட்டும்தான் வந்தது.

"கடவுள் மன்னிப்பார்."

மற்ற பாதிக்குத் தாஸ்யா குனிந்தபடியே காத்திருந்தாள். அவளுடைய கோணல் சுண்டுவிரல் பாவாடை மடிப்பில் ஒட்டியிருந்தது. உஸ்தீன்யா அதைப் பார்த்தாள். செத்தவனையும் நினைத்தாள், அவன் மிருகம்தான், ஆனாலும் இரண்டு நாள் துடித்தவன். அவன் சார்பில் மன்னிக்கத் தன்னிடம் ஒன்றும் இல்லை. தனக்கு இருப்பதை மட்டும்தான் கொடுக்க முடியும்.

"நானும் மன்னிக்கிறேன்," என்றாள்.

தாஸ்யா நிமிர்ந்தாள். துணியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மீன் தின்ன இனி வெகுநாள் ஆகும் என்று, வாங்கி வைத்திருந்த உப்பு மீனை எடுத்துத் தட்டில் நறுக்கினாள். வெங்காயத்தை வட்டமாக அரிந்து மேலே பரப்பினாள்.

உஸ்தீன்யா மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தாள். துணிக்கு அடியில் கையை விட்டு முப்பட்டைச் சீசாவை எடுத்து, மேஜையில் உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தாஸ்யா சீசாவைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"தீர்ந்து போச்சுன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன்." உஸ்தீன்யா எழுந்து நின்று, தங்கை குனிந்த மாதிரியே இடுப்புவரை குனிந்தாள். "என்னை மன்னிச்சிரு தாஸ்யா."

பிறகு தாஸ்யா ஒரு கோப்பைத் தண்ணீரில் சீசாவிலிருந்து நாலு சொட்டு எண்ணி விட்டாள், கலக்கினாள், மீனின் மேல் ஊற்றினாள்.

"கடவுள் மன்னிப்பார்," என்றாள். "நானும்தான். உக்காரு, சாப்பிடு."